டீலரே மாட்டிய கம்ப்ரஸர், டீலரே மறுக்கும் வாரண்டி: என்ன செய்யலாம்?

நீலவானம்

எல்லோருக்கும் வணக்கம். என் காரின் கம்பெனி வாரண்டி முடிந்து நாளாகிவிட்டது. சில மாதங்களுக்கு முன் ஏசி கம்ப்ரஸர் பழுதாகி, அங்கீகரிக்கப்பட்ட டீலரின் ஒர்க்‌ஷாப்பிலேயே புதிது மாற்றினேன். கம்பெனி பெட்டியில் வந்த ஒரிஜினல் பாகம்தான், பில்லில் பாக எண்ணும் இருக்கிறது. அதே பில்லின் பின்பக்கம், "எங்களால் பொருத்தப்பட்ட பாகங்களுக்கு 12 மாத வாரண்டி" என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

இப்போது அந்தப் புதுக் கம்ப்ரஸர் இரும்பு உரசும் சத்தத்தோடு இறுகி நின்றுவிட்டது. பெல்ட் கருகும் வாடை வந்ததுமே ஏசியை அணைத்துவிட்டு வண்டியை அவர்களிடமே கொண்டுபோய் விட்டேன். சர்வீஸ் அட்வைசர் முதலில் சொன்ன காரணம்: "வெளியில் டேஷ்கேம் மாட்டியிருக்கிறீர்கள். வயரிங்கில் வெளியாள் கை வைத்தால் வாரண்டி கிடையாது." டேஷ்கேமுக்கும் கம்ப்ரஸர் இறுகியதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதும் மேலாளர் வந்தார். அவர் சொன்ன காரணம் வேறு: "சிஸ்டம் முழுக்க இரும்புத்தூள். இது பாகத்தின் குறை இல்லை, கன்டாமினேஷன். வாரண்டியில் வராது."

எழுதிக் கொடுங்கள் என்றேன். அப்படிக் கொடுக்கும் வழக்கம் இல்லையாம். கம்ப்ரஸர், கண்டென்சர், குழாய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னிடமே பணம் கேட்டு எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

மூன்றாம்கியர்

படிக்கும்போதே எரிகிறது சகோ. ஆல்டர்னேட்டர் விஷயத்தில் எனக்கும் இதே கதைதான் நடந்தது. முதலில் வண்டியை அங்கிருந்து எடுங்கள். நம்பிக்கையான வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துக் கம்ப்ரஸரைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைப் படம் எடுத்து எல்லா இடத்திலும் போடுங்கள்.

பழையஸ்பேனர்

நீலவானம், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். மூன்றாம்கியரின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கம்ப்ரஸர் வெளியில் பிரிக்கப்பட்ட நொடியில் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று போய்விடும். "நாங்கள் மாட்டிய பாகம் இதுதானா? பிரித்தவர் என்ன செய்தாரோ?" என்று கேட்டுக் கதவை மூடிவிடுவார்கள். பாகம் பிரிக்கப்பட வேண்டும், உண்மைதான். ஆனால் இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வரிசை எண் தெரியப் படம் எடுத்த பிறகே பிரிக்கப்பட வேண்டும்.

நான் பல ஆண்டுகள் சர்வீஸ் அட்வைசராகவும், பிறகு வாரண்டி கிளெய்ம் பிரிவிலும் வேலை பார்த்தவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அப்போதுதான் எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்.

வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் அந்தச் செலவை டீலர் தன் பையிலிருந்து போடுவதில்லை. கிளெய்ம் எழுதித் தயாரிப்பாளருக்கு அனுப்புவார். பாகத்தின் விலையும், அந்த வேலைக்கு என்று நிர்ணயித்த நேரத்துக்கான கூலியும் அங்கிருந்து வரும். கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், கேட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு தணிக்கை வரும். பாகத்தில் குறையே இல்லை, மாட்டியதில்தான் தவறு என்று தணிக்கையில் தெரிந்தால், கொடுத்த பணத்தை டீலரின் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். டீலருக்கு இருக்கும் பயம் இதுதான். உங்களிடம் "வாரண்டி கிடையாது" என்று சொல்பவர், பல நேரம் கிளெய்ம் அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. அனுப்பினால் தன் தலையில் விழுமோ என்ற கணக்கில் சொல்கிறார்.

அதனால் முதல் கேள்வி இது: கிளெய்ம் அனுப்பினீர்களா, அனுப்பவே இல்லையா? அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில், என்ன எண்ணில்? இதை மின்னஞ்சலில் கேளுங்கள்.

அடுத்து, டேஷ்கேம் கதை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்ரஸரில் மின்சாரத்தால் கெடக்கூடியது கிளட்ச் காயில், அல்லது கொள்ளளவை மாற்றும் கன்ட்ரோல் வால்வு. உள்ளே பிஸ்டனும் தட்டும் உரசி இறுகுவதற்கு எண்ணெய்ப் பற்றாக்குறை, தூசு, ஈரம், வார்ப்புக் குறை என்று காரணங்கள் உண்டு. வேறு ஃபியூஸில் ஓர் ஆம்பியர்கூட இழுக்காத கேமரா அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களே அந்தக் காரணத்தைக் கைவிட்டுவிட்டார்கள் பாருங்கள். அதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். ஒரே பழுதுக்கு மறுப்பின் காரணம் மாறிக்கொண்டே போனால், ஆராய்ந்து மறுக்கவில்லை என்று எந்த நுகர்வோர் ஆணையத்திலும் எடுத்துக் காட்டலாம்.

இனி கன்டாமினேஷன். விஷயம் இருப்பது இங்கேதான். முதல் கம்ப்ரஸர் எப்படிப் போனது? அதுவும் இறுகிப் போனதா, வெறும் லீக்கா? பழைய பில்லில் கம்ப்ரஸர் தவிர வேறு என்னென்ன வரிகள் இருக்கின்றன? அதை இங்கே எழுதுங்கள். விலை வேண்டாம், பெயர்கள் போதும்.

கார்முகில்

ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாத் தடவையும் டீலர்தான் தவறு என்று முடிவு கட்ட முடியாது. உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வாரண்டி என்று திரும்பி வரும் கம்ப்ரஸர்களில் கணிசமானவை, கேஸ் குறைந்ததும் வெளியில் எங்கோ நிரப்பி, அதோடு லீக்கை அடைக்கும் சீலன்டையும் ஊற்றிய வண்டிகளிலிருந்து வருபவை. அந்தச் சீலன்ட் காற்றையும் ஈரத்தையும் கண்டால் இறுகும். கம்ப்ரஸரை மட்டுமல்ல, கேஸ் எடுக்கும் இயந்திரத்தையே கெடுத்துவிடும். நீலவானம், இடையில் வெளியில் எங்காவது கேஸ் போட்டீர்களா? போட்டிருந்தால் டீலர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

நீலவானம்

கார்முகில் சார், கேட்டது நல்லதுதான். வெளியில் யாரும் ஏசியைத் தொடவில்லை. இடையில் ஒரு சர்வீஸ் நடந்தது, அதுவும் அதே ஒர்க்‌ஷாப்பில்தான், ஜாப் கார்டு இருக்கிறது.

ஸ்பேனர் அண்ணா, முதல் கம்ப்ரஸரும் இறுகித்தான் போனது. அந்த ஜாப் கார்டில் "கம்ப்ரஸர் ஜாம், மாற்ற வேண்டும்" என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பில்லில் இருப்பவை: கம்ப்ரஸர், ஓ ரிங், ரெஃப்ரிஜரன்ட் கேஸ், கம்ப்ரஸர் கழற்றி மாட்டும் கூலி, கேஸ் நிரப்பும் கூலி. வேறு எதுவும் இல்லை.

பழையஸ்பேனர்

அவ்வளவுதானா? டிரையர் இல்லையா? எக்ஸ்பான்ஷன் வால்வு? ஃபிளஷிங் கூலி, அதாவது சிஸ்டத்தைக் கழுவிச் சுத்தம் செய்யும் கூலி?

இல்லையென்றால், டீலர் மறுப்புக்குச் சொல்லும் காரணமே அவருக்கு எதிரான சாட்சி.

விளக்கமாகச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். கம்ப்ரஸர் உள்ளேயே இறுகும்போது அலுமினியமும் எஃகும் பொடியாகி, எண்ணெயோடு கலந்து, கேஸ் போகும் வழியெல்லாம் போய்விடும். அதில் பெரும்பகுதி தங்குமிடம் கண்டென்சர், ஏனென்றால் கம்ப்ரஸரை விட்டு வெளியேறும் கேஸ் முதலில் சேருவது அங்கேதான். இன்றைய கண்டென்சர்களின் குழாய்களில் துளைகள் மிக நுண்ணியவை, எவ்வளவு ஃபிளஷ் செய்தாலும் முழுதாகச் சுத்தமாகாது. அதனால் கம்ப்ரஸர் இறுகிப்போன வண்டியில் கண்டென்சரையும் மாற்றச் சொல்வார்கள். ரிசீவர் டிரையரை எப்படியும் மாற்ற வேண்டும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன, சிஸ்டத்தைத் திறந்து வைத்தாலே காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். பல வண்டிகளில் டிரையர் கண்டென்சரோடு சேர்ந்தே வரும். எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் பொடி அடைத்தால் கேஸோடு திரும்ப வேண்டிய எண்ணெய் குறைந்து, புதுக் கம்ப்ரஸர் காய்ந்துபோகும். இதையெல்லாம் செய்யாமல் புதியதை மாட்டினால் பழையதன் பொடியே புதியதைத் தின்றுவிடும்.

கம்ப்ரஸர் தயாரிப்பாளர்கள் பெட்டிக்குள் வைக்கும் தாளிலேயே இது இருக்கும். டிரையரை மாற்றி, சிஸ்டத்தைச் சுத்தம் செய்தால்தான் வாரண்டி செல்லும் என்பது அந்தத் துறையில் பரவலாகப் போடும் நிபந்தனை. ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டியவர் மாட்டியவர். நீங்கள் கம்ப்ரஸரை வாங்கி வீட்டில் மாட்டவில்லை. மாட்டும் வேலையையும் சேர்த்து அவர்களிடம்தான் வாங்கினீர்கள். சிஸ்டத்தில் பொடி இருந்தது என்று இன்று சொல்பவர், அன்று அதை எடுக்காமல் விட்டது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் இரண்டே வழிதான் அவர்களுக்கு. பாகத்தில் குறை என்றால் பாக வாரண்டி. மாட்டியதில் குறை என்றால் அவர்களின் வேலைப் பொறுப்பு. இரண்டிலும் செலவு உங்களுடையது இல்லை.

கார்முகில்

அந்தப் பில்லைப் பார்த்த பிறகு நான் சொன்னதை இந்த வண்டிக்குச் சொல்ல மாட்டேன். டிரையர் இல்லாமல் கம்ப்ரஸர் மாட்டியது ஒர்க்‌ஷாப்பின் பொறுப்புதான். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது: "டிரையர், கண்டென்சர் மாற்றச் சொன்னோம், வாடிக்கையாளர் செலவைப் பார்த்து வேண்டாம் என்றார்" என்று சொல்வார்களே?

நியாயத்தராசு

சொல்வார்கள். அப்படி மறுத்ததை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டால் போதும். அது இல்லாமல் வாய்வார்த்தையாகச் சொல்வதற்கு எடை கிடையாது.

நுகர்வோர் வழக்குகளோடு பழகியவள் என்ற முறையில் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். இங்கே பல நாடுகளிலிருந்து படிக்கிறார்கள், அதனால் பொதுவாகவே தொடங்குகிறேன். பில்லின் பின்னால் இருக்கும் வாரண்டி ஒரு வாக்குறுதி. சட்டம் தரும் உரிமை அதற்கு அப்பால் தனியாக நிற்கிறது. "எங்கள் வாரண்டியில் வராது" என்று அவர்கள் சொல்வதால் சட்ட உரிமை அழிவதில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொருளின் குறை, சேவைக் குறைபாடு இரண்டையும் ஒரே புகாரில் சொல்லலாம். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. சோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் 38ஆம் பிரிவில் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. அதனால்தான் ஸ்பேனர் சார் சொன்னது போலப் பாகம் பிரிக்கப்படாமல் இருப்பது முக்கியம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். அது தீர்ப்பு சொல்லும் இடம் இல்லை, ஆனால் பல நிறுவனங்கள் அங்கிருந்து வரும் புகாருக்குப் பதில் எழுதுகின்றன.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் வாங்கி 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் அது தொடக்கத்திலேயே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் வேலை. சேவையையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த விதிகளும் இதே 6 மாத அனுமானத்தைத் தருகின்றன. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம், குறிப்பிட்ட பிராண்ட் பாகத்தை அல்லது சேவையைத்தான் பணம் கொடுத்து வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. வெளியில் ஒன்றை மாட்டியதாலேயே எல்லா வாரண்டியும் போச்சு என்று சொல்பவர்களுக்கு அங்கே இது நல்ல பதில்.

நீலவானம், கடிதத்தை டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். "டீலர் தனி நிறுவனம், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்று தயாரிப்பாளரும், "கம்பெனி அனுமதிக்கவில்லை" என்று டீலரும் மாற்றி மாற்றிக் கை காட்டுவார்கள். இரண்டு பேரும் அதே கடிதத்தைப் பார்க்கும்போது அந்த ஆட்டம் நடக்காது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"தங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில் ஏசி கம்ப்ரஸர் பொருத்தப்பட்டது. 12 மாத வாரண்டி நடப்பில் உள்ளது. அந்தப் பாகம் இறுகிச் செயலிழந்துள்ளது. முதலில் டேஷ்கேம் வயரிங் என்றும், பின்னர் சிஸ்டத்தில் இரும்புத்தூள் என்றும் காரணம் கூறி வாரண்டி வாய்மொழியாக மறுக்கப்பட்டது. முதல் கம்ப்ரஸரும் இறுகியே பழுதானது என்று தங்கள் ஜாப் கார்டு கூறுகிறது. ஆயினும் டிரையர் மாற்றியதற்கோ சிஸ்டத்தைச் சுத்தம் செய்ததற்கோ பில்லில் பதிவு இல்லை. ஆகவே கம்ப்ரஸரையும், இதனால் பாதிக்கப்பட்ட மற்ற பாகங்களையும் கட்டணமின்றி மாற்றித் தருமாறு கோருகிறேன். மறுப்பதாயின், எந்த நிபந்தனையின் கீழ், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்பதை 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். என் முன்னிலையில் அன்றி அந்தப் பாகத்தைப் பிரிக்கவோ அப்புறப்படுத்தவோ கூடாது."

திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம். தேதியும் எண்ணும் இருக்கட்டும்.

மூன்றாம்கியர்

எல்லாம் சரி. ஆனால் இது முடியும்வரை மனிதர் வண்டியில்லாமல் என்ன செய்வார்? வேலைக்குப் போக வேண்டாமா? என் விஷயத்தில் நான் பணத்தைக் கட்டி வண்டியை எடுத்ததற்குக் காரணமே அதுதான். கோர்ட், ஆணையம் என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

நியாயத்தராசு

நியாயமான கேள்வி, மூன்றாம்கியர். அவசரம் என்றால் பணம் கட்டி எடுக்கலாம், உரிமை போய்விடாது. ஆனால் பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுத விடவில்லையென்றால் அன்றைக்கே மின்னஞ்சலில் அதே வரியை அனுப்புங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், அது முக்கியம். "வேலை முழு திருப்தி" என்று அச்சடித்த படிவத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

பழையஸ்பேனர்

பெல்ட் வழி தெரிந்த மெக்கானிக் இருந்தால், சில வண்டிகளில் கம்ப்ரஸரைச் சுற்றாமல் சின்ன பெல்ட் போட்டு ஓட்டலாம். எல்லா எஞ்சினிலும் முடியாது. அதையும் இந்த டீலரிடமே செய்யச் சொல்லி ஜாப் கார்டில் ஏற்றுங்கள், வெளியில் வேண்டாம்.

இன்னொன்று. கிளைமேலாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அவருக்கு அதிகாரம் குறைவு. தயாரிப்பாளரின் வட்டார சர்வீஸ் பொறியாளர் என்று ஒருவர் டீலர்களைச் சுற்றி வருவார். அவர் வரும் நாளில் வண்டியைக் காட்ட வேண்டும் என்று வாடிக்கையாளர் மையத்தில் புகார் எண் வாங்கிக் கேளுங்கள். முடிவெடுக்கும் ஆள் அவர்தான்.

நீலவானம்

நண்பர்களே, தகவல் இருக்கிறது.

கடிதத்தை நியாயத்தராசு அம்மா எழுதியபடியே, தேதிகளைச் சேர்த்து இருவருக்கும் அனுப்பினேன். டீலர் வாயே திறக்கவில்லை. தயாரிப்பாளரின் மையத்திலிருந்து புகார் எண் வந்தது, பிறகு வட்டாரப் பொறியாளரும் வந்தார். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கழற்றினார்கள். வரிசை எண், எண்ணெயின் நிறம், குழாய் வாய் எல்லாவற்றையும் படம் எடுத்தேன், யாரும் தடுக்கவில்லை. எண்ணெய் கறுத்து, மினுமினுப்பான பொடியோடு இருந்தது. பழைய ஜாப் கார்டையும் பில்லையும் அவர் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு டீலரின் ஆளிடம் கேட்ட ஒரே கேள்வி, "டிரையர் எங்கே?" என்பதுதான். பதில் இல்லை.

இப்போது கம்ப்ரஸர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலி எல்லாம் இலவசம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கண்டென்சருக்கு மட்டும் பாதிப் பணம் கேட்கிறார்கள், "அது முதல் பழுதிலேயே கெட்டது, அன்றைக்கே நீங்கள் மாற்றியிருக்க வேண்டிய செலவு" என்கிறார்கள். கூடவே, இனி இது தொடர்பாக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கார்முகில்

கண்டென்சர் பற்றி அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கே ஒழுங்காக வேலை நடந்திருந்தால் அந்தச் செலவு உங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். நானாக இருந்தால் பாதியை ஒப்புக்கொள்வேன்.

பழையஸ்பேனர்

கார்முகில் சொல்வதை நானும் மறுக்கவில்லை. ஆனால் புதுக் கண்டென்சர் இல்லாமல் இந்த வேலை நடக்கவே கூடாது, அதை மட்டும் உறுதி செய்யுங்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக வரட்டும், இலவசம் என்றாலும் பெயரும் எண்ணும் இருக்கட்டும். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு கேஸ், கேஸ் நிரப்பும் முன் உள்ளிருக்கும் காற்றை எவ்வளவு நேரம் உறிஞ்சி வேக்யூம் பிடித்தார்கள் என்பதும் ஜாப் கார்டில் ஏறட்டும்.

நியாயத்தராசு

அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். "இன்று வரை நடந்த பழுது தொடர்பாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது மாட்டும் பாகங்களின் வாரண்டி தொடரும் என்று ஒரு வரியும் வேண்டும். புதுக் கம்ப்ரஸருக்கு இன்றிலிருந்து புதிதாக 12 மாதமா, அல்லது பழைய வாரண்டியில் மிச்சம் இருப்பது மட்டும்தானா என்று கேளுங்கள். மாற்றிக் கொடுத்த பாகத்துக்கு மிச்சக் காலத்தை மட்டும் தருவதுதான் பல நிறுவனங்களின் விதி. உங்கள் விஷயத்தில் வேலையிலும் குறை இருப்பதால் முழு 12 மாதம் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. எழுத்தில் வாங்குங்கள்.

நீலவானம்

கேட்டேன். கண்டென்சரில் பாதியை ஒப்புக்கொண்டேன். அதற்கு ஈடாக எல்லாப் பாகங்களுக்கும் கூலிக்கும் சேர்த்து வண்டியை ஒப்படைக்கும் நாளிலிருந்து 12 மாதம் என்று மின்னஞ்சலில் எழுதிவிட்டார்கள். தாளில் அந்த இரண்டு வரிகளையும் சேர்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். வண்டி கைக்கு வந்துவிட்டது, வேக்யூம் நேரம் வரை ஜாப் கார்டில் இருக்கிறது அண்ணா. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மூன்றாம்கியர் சகோ, உங்கள் ஆல்டர்னேட்டர் பில்லும் ஜாப் கார்டும் இருந்தால் இங்கே எழுதுங்கள். பணம் கட்டி 2 ஆண்டு ஆகவில்லையென்றால் உங்களுக்கும் வழி இருக்கும் போலிருக்கிறது.

மூன்றாம்கியர்

ஆகவில்லை. பில் வீட்டில் இருக்கிறது. இன்றிரவே எடுத்து எழுதுகிறேன்.